வளையலா, காமிராவா?

ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பத்திரிகையை விரித்துக்கொண்டு காப்பியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். காப்பிக்கு முன்னால் எதிர்வீட்டு அம்மாள் வந்துவிட்டார். பின்னாலேயே அவருடைய பெண். பி.காம். முடித்து ஒரு வருஷம் ஆகிறது. அவள் கையில் ஒரு காகிதம்.

"தம்பி, நீங்கள் பத்திரிகையில் இருக்கிறவர். நாலு போட்டோக்காரர்களோடு பழகுகிறவர். இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் அம்மாள்.

வாங்கிப் பார்த்தேன். அது ஒரு ஜாபிதா. போட்டோகிராபராகத் தொழில் தொடங்குவதற்கு வேண்டிய சாமான்களாம்! காமிரா ஒன்று, லென்ஸ் நாலு, பிளாஷ் இரண்டு, முக்காலி, நடந்துகொண்டே எடுத்தாலும் படம் ஆடாமல் இருக்க ஒரு கருவி, ஆகாயத்தில் பறந்து படம் பிடிக்க ஒரு டிரோன்... மொத்தம் பதினேழு சாமான்கள். அடியில் கோடு போட்டுக் கூட்டியும் வைத்திருந்தாள்: ரூ. 5,60,000.

அம்மாள் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த நாலு வளையல்களையும் ஒரு தடவை உருட்டி விட்டுக்கொண்டார். அவ்வளவுதான். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அந்தப் பெண்ணை அசடு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் நடந்த மூன்று வளைகாப்புகளை அவள்தான் தன் செல்போனில் படம் எடுத்தாள். முதல் இரண்டும் இனாம். மூன்றாவது வீட்டில் வற்புறுத்திப் பணம் கொடுத்தார்கள். நல்ல கண் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, அழுகிற குழந்தையைச் சிரிக்க வைக்கிற சாமர்த்தியமும் இருக்கிறது. தவிர, வளைகாப்பு, சீமந்தம், பச்சைக் குழந்தை என்றால் பெண்ணே வந்து படம் எடுத்தால் தேவலை என்று நினைக்கிற வீடுகள் பல. ஆகவே தொழிலைப் பற்றிச் சந்தேகம் இல்லை. எதை, எப்போது, யார் பணத்தில் வாங்குவது என்பதுதான் கேள்வி.

நாளைக்கு உங்கள் வீட்டிலும் மகளோ, மருமகளோ, கொழுந்தனோ இப்படி ஒரு ஜாபிதாவை நீட்டலாம். நீங்களே கூட எழுதலாம், யார் கண்டது? அதனால்தான் அன்றைக்கு அவர்களிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன்.

பந்திக்கு எத்தனை பேர்?

விருந்துக்கு எத்தனை பேர் என்று தெரியாமல் யாராவது அண்டாவும் குண்டானும் வாங்கப் போவார்களா? காமிரா விஷயத்தில் மட்டும் கெட்டிக்காரர்கள்கூட அதைத்தான் செய்கிறார்கள். சாமானை வாங்கிவிட்டுப் பிறகு வேலையைத் தேடுகிறார்கள். முதலில் வேலை, பிறகுதான் சாமான்.

வேலைகளும் ஒரே மாதிரி அல்ல. வளைகாப்பும் குழந்தைப் படமும் வீட்டுக்குள் நடப்பவை. ஜன்னல் வெளிச்சமும், மங்கலிலும் படம் பிடிக்கிற ஒரு லென்ஸும் இருந்தால் பெரும்பாலும் போதும். புடவையோ பருப்புப் பொடியோ இணையத்தில் விற்கிற பெண்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது இன்னொரு வேலை. அதற்கு வேண்டியது உறுதியான முக்காலி, ஒரு விளக்கு, வெளுப்பான துணி. சாமான் தன் இடத்தை விட்டு ஓடப் போவதில்லை, அவசரம் கிடையாது. கல்யாண மண்டபம் முற்றிலும் வேறு. கூட்டம், இருட்டு, புகை, அவசரம். அங்கே இரண்டு காமிராக்கள், தூரத்தையும் கிட்டத்தையும் பார்க்கிற லென்ஸ்கள், பிளாஷ் எல்லாம் வேண்டும்.

"உனக்கு இதுவரை வந்த வேலை எது?" என்று கேட்டேன்.

"வளைகாப்புதான், அண்ணா."

"அப்படியானால் டிரோன் எதற்கு? கூடத்துக்குள் பறக்கவிடுவதற்கா?"

அம்மாள் சிரித்துவிட்டார். டிரோனுக்கு 2021இல் தனி விதிகளே வந்திருக்கின்றன. பதிவு, அனுமதி என்று அதற்குப் படிக்க வேண்டிய பாடமே நிறைய. ஜாபிதாவில் முதல் அடி டிரோன் மேல் விழுந்தது.

உடம்புக்கு வயசாகும், கண்ணுக்கு ஆகாது

கடைக்குப் போனால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "இது எத்தனை மெகாபிக்ஸல்?" என்பது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. காமிரா இரண்டு பாகம்: உடம்பு ஒன்று, அதில் மாட்டுகிற லென்ஸ் என்கிற கண் ஒன்று. உடம்புக்குச் சீக்கிரம் வயசாகிறது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் புது மாடல் வர, பழையதன் விலை சரிகிறது. நல்ல லென்ஸ் அப்படி அல்ல. பத்திரமாக வைத்துக்கொண்டால் பதினைந்து இருபது வருஷம் உழைக்கும்.

லென்ஸை உடம்போடு சேர்க்கிற வளையத்துக்கு மவுண்ட் என்று பெயர். நிக்கான் கம்பெனி 1959இல் கொண்டுவந்த மவுண்ட் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து நின்றது. கானன் கம்பெனி 1987இல் கொண்டுவந்ததும் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. 2018இல் இரண்டு கம்பெனிகளும், உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் காமிராக்களுக்காக மவுண்டை மாற்றின. அதனால் பலர் பழைய லென்ஸ்களை விற்றுவிட்டுப் புதிதுக்குப் போனார்கள். புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்கு இது நல்ல செய்தி! பழைய மவுண்டில் தரமான லென்ஸ்கள் பாதி விலைக்குக்கூட அகப்படுகின்றன. ஆக, காமிரா வாங்குவது என்பது ஒரு குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொள்வது மாதிரி. மாப்பிள்ளையை மட்டும் பார்த்தால் போதாது. கூட வருகிற லென்ஸ் குடும்பத்தையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம் வெளிச்சம். லென்ஸின் மேல் 'எப்' என்று போட்டு ஓர் எண் எழுதியிருக்கும். எண் சிறிதானால் கண் பெரிது; அதிக வெளிச்சம் உள்ளே போகும். காமிராவோடு சேர்த்துக் கொடுக்கிற சாதாரண ஜூம் லென்ஸ், தூரத்துப் பொருளைக் கிட்டத்தில் இழுக்கும்போது எப் 5.6 ஆகிவிடும். ஜூம் இல்லாத 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று எப் 1.8 அளவில் ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளிலும் உண்டு. லென்ஸ்களிலே மிக மலிவானவற்றில் அது ஒன்று. இது முன்னதைவிட ஏறக்குறையப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது! ஒற்றைக் குழல்விளக்கு எரிகிற கூடத்தில் வளைகாப்பைப் படம் எடுக்கப் போகிறவளுக்கு எது பிரயோஜனம் என்று நான் சொல்ல வேண்டுமா?

"ஜூம் இல்லாவிட்டால் கிட்டத்தில் எப்படிப் பார்ப்பது?" என்று கேட்டாள் பெண். நாலு அடி முன்னால் நடந்து போக வேண்டியதுதான்!

இது வேடிக்கைப் பேச்சல்ல. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் போட்டோகிராபர் ஹோமாய் வியாரவாலா. 1913இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். ஆரம்பத்தில் அவருடைய படங்கள் கணவரின் பெயரில்தான் வெளியாயின. சுதந்திரம் வந்ததையும், காந்திஜியின் இறுதி யாத்திரையையும், நேருவின் எத்தனையோ முகபாவங்களையும் அவர் படம் பிடித்தார். அவர் கையில் இருந்த காமிராக்களில் ஒன்று ரோலிபிளெக்ஸ். அதில் லென்ஸை மாற்றவே முடியாது; ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். 2011இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது; அடுத்த வருஷம் காலமானார். கூட்டத்தில் எங்கே நிற்பது, எப்போது அமுக்குவது என்று தெரிந்திருந்ததுதான் அவருடைய பெரிய மூலதனம். அதை எந்தக் கடையும் விற்பதில்லை. மயிலாப்பூர் மாட வீதியில் ஒரே லென்ஸுடன் முப்பது நாள் காலையில் நடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும்.

என் தங்கையின் கல்யாணம்

இப்போது என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2016இல் என் தங்கைக்குக் கல்யாணம். படம் எடுக்க வந்தவர் அமர்க்களமாக வந்து இறங்கினார். மண்டப வாசலில் டிரோன் பறந்தது. குழந்தைகள் அதன் பின்னால் ஓடின. உறவினர்கள் எல்லாம் "அடேயப்பா!" என்றார்கள். அப்பா கன்னிகாதானம் செய்து கொடுத்தார். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பத்து நாள் கழித்து அந்த மனிதர் வீட்டுக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. முகூர்த்தப் படங்கள் முழுவதும் ஒரே காமிராவில், ஒரே மெமரி கார்டில் இருந்தனவாம். அந்தக் கார்டு கெட்டுவிட்டதாம். எங்கெங்கோ கொண்டுபோய்க் காட்டியும் ஒன்றும் மீளவில்லை. நல்ல மனிதர்தான், வாங்கிய பணத்தை ஒரு பைசா குறையாமல் திருப்பிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

உறவினர்கள் செல்போனில் எடுத்த படங்களைச் சேகரித்தோம். தங்கை இருக்கிறாள், மாப்பிள்ளை இருக்கிறார். அப்பாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ போனைத் தூக்கிப் பிடித்த கை. அடுத்த வருஷம் அப்பா காலமாகிவிட்டார். டிரோன் எடுத்த மண்டபக் கூரை மட்டும் மிக அழகாக எங்கள் ஆல்பத்தில் இருக்கிறது.

இதை நான் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் தன் ஜாபிதாவை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

ஆகவே, தொழில் செய்ய வருகிறவர்கள் ஆடம்பரத்துக்கு முன்னால் உபரியை வாங்க வேண்டும். பெரிய காமிரா ஒன்றைவிட, ஒரே சமயத்தில் இரண்டு கார்டுகளில் எழுதுகிற நடுத்தரக் காமிரா மேல். மூன்றாவது லென்ஸுக்கு முன்னால் இரண்டாவது பாட்டரி. முகூர்த்த வேலைக்கு ஒப்புக்கொண்டால் இரண்டாவது காமிரா கட்டாயம். வாடகைக்காவது எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்த அன்றே படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வைக்க வேண்டும். முழுத்தரத்தில் எடுத்தால் ஒரு படம் சுமார் 30 மெகாபைட். 2,000 படங்களுக்கு 60 ஜிகாபைட். பெண்ணின் ஜாபிதாவில் டிரோன் இருந்தது. ஹார்ட் டிஸ்க் இல்லை! படங்களைத் திருத்துகிற மென்பொருளுக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய சந்தாவும் இல்லை.

வாடகை என்றால் வெட்கமா?

"சொந்தமாக இல்லாமல் வாடகைக்கு எடுத்துப் போனால் மதிப்பார்களா?" என்று கேட்டார் அம்மாள். கல்யாணத்துக்குப் பாத்திரமும் பந்தலும் வாடகைக்குத்தானே எடுக்கிறோம்? யார் குறை சொன்னார்கள்?

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு லென்ஸின் விலை ரூ. 60,000, நாள் வாடகை ரூ. 1,500. நாற்பது நாள் வாடகை சேர்ந்தால்தான் விலைக்குச் சமம். வருஷத்துக்கு ஐந்து கல்யாணம்தான் வருகிறது என்றால் அந்த நாற்பது நாளுக்கு எட்டு வருஷம் ஆகும்! அதுவே மாதத்துக்கு நாலு வேலை வந்தால் பத்தே மாதம். அப்போது வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். வேலையை ஒப்புக்கொள்ளும்போதே வாடகையையும் சேர்த்துக் கூலி பேசிவிட வேண்டும். வாடகையில் இன்னொரு லாபமும் உண்டு. ஆசைப்பட்ட சாமானை நாலு தடவை தூக்கிப் பார்த்தபின், 'இது என் தோளுக்கு ஒத்து வராது' என்று பல சமயம் தெரிந்துவிடும்.

பழைய சாமான் வாங்குவதிலும் தப்பில்லை, ஜாக்கிரதையாக இருந்தால். காமிராவின் உள்ளே திறந்து மூடுகிற ஷட்டர் இத்தனை தடவைதான் உழைக்கும் என்று கம்பெனிகள் ஓர் உத்தேசம் சொல்வதுண்டு. ரகத்துக்குத் தக்கபடி ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று இருக்கும். இதுவரை எத்தனை தடவை இயங்கியது என்று கேளுங்கள். லென்ஸின் பின்பக்கமாக ஒரு டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை போல் தெரிந்தால் பூஞ்சணம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரசீது இல்லாத சாமானைத் தொட வேண்டாம்.

சென்னையின் ஈரக் காற்றுக்குப் பூஞ்சணம் என்றால் கொள்ளைப் பிரியம். லென்ஸைத் தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டுவதுதான் நாம் செய்கிற பெரிய தப்பு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு அதில் வையுங்கள். நிறம் மாறுகிற வகையாக வாங்கினால், ஈரம் குடித்துவிட்டது என்று அதுவே சொல்லும்; இளஞ்சூட்டில் காயவைத்து மறுபடி உபயோகிக்கலாம். வடகத்தையும் அப்பளத்தையும் மழைக்காலத்தில் காப்பாற்றத் தெரிந்த உங்களுக்கு இது ஒரு பெரிய வித்தையா?

காமிராவுக்கும் ஓர் உண்டியல்

வருகிற பணமெல்லாம் லாபம் என்று நினைப்பதுதான் இந்தத் தொழிலில் பலர் விழுகிற குழி. ரூ. 1,20,000க்குச் சாமான் வாங்கியிருக்கிறாள் என்று வையுங்கள். நாலு வருஷம் உழைக்கும். வருஷத்துக்கு 24 வேலை. மொத்தம் 96 வேலை. வகுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு வேலையிலும் ரூ. 1,250 அந்தச் சாமான் தேய்ந்ததற்கு விலை. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். வண்டிச் செலவு, மென்பொருள் சந்தா, வாடகை எல்லாம் போக மிஞ்சுவதுதான் சம்பளம். இப்படி வைத்து வந்தால் நாலாவது வருஷம் புதுக் காமிரா வாங்க யார் வளையலையும் கேட்க வேண்டியதில்லை.

கடன் வாங்கக் கூடாதா? வாங்கலாம், வேலை வந்த பிறகு. 2015இல் மத்திய அரசு தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிறு தொழில்களுக்குச் சொத்து ஈடு இல்லாமல் பாங்குகள் கடன் தருகின்றன. அதன் முதல் பிரிவு ரூ. 50,000 வரை. நகையைத் தொடுமுன் பாங்கில் போய் விசாரிக்கலாம். எந்தக் கடனானாலும் நான் வைக்கிற அளவுகோல் ஒன்றே: கடந்த ஆறு மாதத்தில் உண்மையாகக் கைக்கு வந்த வருமானத்தைப் பாருங்கள். மாதச் சராசரியில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் தவணை போகக் கூடாது. 'இனிமேல் வரும்' என்கிற வருமானத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. முகூர்த்தம் இல்லாத மாதங்களிலும் தவணை வந்து கதவைத் தட்டும்.

அம்மாள் கொடுத்த தீர்ப்பு

இவ்வளவையும் கேட்டுவிட்டு அம்மாள் தானே காகிதத்தை வாங்கி மூன்றாகப் பிரித்துவிட்டார். உங்களுக்கும் அது உபயோகப்படும்.

முதல் படி: இரண்டு கார்டு போடுகிற பழைய காமிரா ஒன்று, 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, பாட்டரி இரண்டு, கார்டு நாலு, ஹார்ட் டிஸ்க் இரண்டு, காற்றுப் புகாத டப்பா ஒன்று. இதற்கு அம்மாளின் சீட்டுப் பணம், அதுவும் கடனாகத்தான்.

இரண்டாவது படி: பத்து வேலை முடிந்து உண்டியலில் பணம் சேர்ந்த பிறகு ஒரு பிளாஷ், ஒரு முக்காலி. அதுவரை வாடகை.

மூன்றாவது படி: கல்யாண வேலைகள் தாமாகத் தேடி வந்தால் இரண்டாவது காமிராவும் பெரிய ஜூம் லென்ஸும். வராவிட்டால் வேண்டாம்.

"வளையல்?" என்று கேட்டேன்.

"அது கையிலேயே இருக்கட்டும். இவள் எனக்கு ஒன்று சேர்த்துப் போடட்டும்" என்றார் அம்மாள்.

இந்த ஆறு மாதத்தில் அந்தப் பெண் ஏழு வேலைகள் முடித்திருக்கிறாள். இன்னும் முதல் படியில்தான் நிற்கிறாள். அவசரம் ஒன்றும் இல்லை. அம்மாளுக்குச் சீட்டுப் பணத்தில் கால்வாசி திரும்பி வந்துவிட்டது.

போன வாரம் நானும் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். என் தாயாரை ஒரு படம் எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டேன். ஜன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு, அம்மாவை உட்கார வைத்து, என்னமோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே நாலடி முன்னால் நடந்து வந்தாள். அம்மா அப்பாவைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் குறுக்கே பேசியிருக்கக் கூடாதுதான். ஆனாலும் கேட்டுவிட்டேன்:

"இரண்டு கார்டும் போட்டிருக்கிறாயா, அம்மா?"

"போட்டிருக்கிறேன், அண்ணா" என்றாள், கண்ணைக் காமிராவிலிருந்து எடுக்காமல்.